பேக்பைப் போட்டிகளில் தீர்ப்பு எப்படி வருகிறது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வெளிவந்த ஸ்காட்லாந்துப் பயணக் கட்டுரையில், கிளாஸ்கோ கிரீன் திடலில் ஆகஸ்டு மாதம் நடைபெறும், பேக்பைப்பும் டிரம்மும் வாசிக்கும் அணிகளுக்கான உலக பைப் பேண்ட் போட்டியைப் பற்றி இரண்டு வரிகள் இருந்தன. வாத்தியக்காரர்கள் கூட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வாசிக்கிறார்கள் என்றும், கைதட்டல் யாருக்கு அதிகமோ அவர்களுக்கே கோப்பை என்றும் கட்டுரையாளர் எழுதியிருந்தார். நான் கிளாஸ்கோ நகரில் பல ஆண்டுகளாக வசிப்பவள். என் மகள் இளையோர் அணி ஒன்றில் பேக்பைப் வாசிக்கிறாள். முதலில் சொன்னது உண்மை, இரண்டாவது முற்றிலும் தவறு. முதுகைக் காட்டி நிற்பதன் காரணத்தை விசாரித்திருந்தால் கைதட்டலைப் பற்றி அவர் அப்படி எழுதியிருக்க மாட்டார்.

பையில் காற்றை நிரப்பிக் குழல்களை ஒலிக்கச் செய்யும் வாத்தியமான பேக்பைப்பில் ஒலியைக் கூட்டவோ குறைக்கவோ வழியில்லை. பையிலிருந்து காற்று சீராக வந்துகொண்டே இருப்பதால், சுரத்துக்கும் சுரத்துக்கும் இடையே நிறுத்தவும் முடியாது. விரலால் தொட்டு விலகும் நுண்ணிய அலங்காரச் சுரங்களைக் கொண்டுதான் ஒரு சுரத்தை மற்றொன்றிலிருந்து பிரித்துக் காட்டுகிறார்கள். நம் நாகசுரத்துக்குத் துணையாக ஒலிக்கும் ஒத்து போல, ஒவ்வொரு பேக்பைப்பிலும் மூன்று ஒத்துக் குழல்கள் இடைவிடாமல் ஒலிக்கின்றன. இருபதுக்கும் மேற்பட்டோர் சேர்ந்து வாசிக்கையில் ஒருவரது சீவாளி சற்றுப் பிசகினாலும் அது எல்லோர் காதிலும் விழும். ஆகவே ஒருவர் விரலை மற்றவர் பார்க்கவும், அனைவரும் அணித் தலைவரான பைப் மேஜரின் விரலையும் காலடியையும் பின்பற்றவும் வசதியாக, அவர்கள் உள்நோக்கி வட்டமாக நிற்கிறார்கள். பார்வையாளர்களை அவமதிக்கும் எண்ணம் அதில் துளியும் இல்லை.

தீர்ப்பு வழங்குபவர்கள் நால்வர். இருவர் குழலிசையையும், ஒருவர் டிரம் வாசிப்பையும், மற்றொருவர் அணி முழுவதும் ஒன்றிணைந்து ஒலிக்கும் விதத்தையும் கவனிக்கிறார்கள். தொடக்கக் கோட்டிலிருந்து பைப் மேஜரின் ஆணைக்கு அணி நடக்கத் தொடங்கியதும் டிரம்கள் உருண்டு முழங்கும். அந்த முழக்கத்தினூடே ஒத்துக் குழல்களும் பின்னர் மெட்டை வாசிக்கும் பாட்டுக் குழல்களும் எழ வேண்டும். அத்தனை குழல்களும் ஒரே கணத்தில் ஒலிக்கின்றனவா என்பதிலிருந்தே மதிப்பீடு ஆரம்பமாகிவிடுகிறது. முடிவில் ஒருவரது குழல் மட்டும் ஒரு நொடி பிந்தி முனகினால் அதுவும் குறிப்பேட்டில் ஏறும். நடுவர் ஒவ்வொருவரும் தம் பிரிவில் அணிகளைத் தரவரிசைப்படுத்துகிறார். நான்கு வரிசை எண்களையும் கூட்டும்போது எந்த அணியின் கூட்டுத்தொகை மிகக் குறைவோ அதுவே வெல்கிறது. தொகை சமமானால், கூட்டொலியை மதிப்பிட்டவரின் வரிசையே முடிவு செய்கிறது. என் மகளின் அணி ஒருமுறை இவ்வாறே ஓர் இடம் கீழே இறங்கியது. பிள்ளைகள் அழுதார்கள், எனக்கும் மனம் கனத்தது. ஆயினும், அணியாக வாசிக்கும் போட்டியில் கடைசிச் சொல் கூட்டொலிக்கு இருப்பதே நியாயம் என்று நான் அன்றும் எண்ணினேன், இன்றும் எண்ணுகிறேன். நடுவர்கள் எழுதித் தரும் விமரிசனத் தாள்களை அந்தப் பிள்ளைகள் குளிர்காலம் முழுவதும் வைத்துக்கொண்டு பயின்றார்கள்.

எல்லா அணிகளும் ஒரே களத்தில் மோதுவதில்லை. 1930-இல் தோன்றிய ராயல் ஸ்காட்டிஷ் பைப் பேண்ட் சங்கம் அணிகளைத் திறமைக்கேற்பத் தரம் பிரித்து வைத்திருக்கிறது. முதல்தர அணிகள் மார்ச் என்னும் அணிநடை மெட்டு, ஸ்ட்ராத்ஸ்பே, ரீல் என்னும் நடன மெட்டுகள் ஆகிய மூன்றும் அடுத்தடுத்து வரும் தொகுப்பு ஒன்றையும், பல மெட்டுகளைக் கோத்து ஐந்து முதல் ஏழு நிமிடம் வரை நீளும் மெட்லி ஒன்றையும் வாசிக்க வேண்டும். ஒவ்வொன்றிலும் இரண்டு தொகுப்புகளைத் தயாராக வைத்துக்கொண்டு வருகிறார்கள்; எதை வாசிப்பது என்பது குலுக்கலில்தான் தெரியவரும். 1987-இல் கனடாவைச் சேர்ந்த 78ஆவது ஃபிரேசர் ஹைலேண்டர்ஸ் அணி உலகப் பட்டத்தை வென்றபோது, அப்பட்டம் முதன்முறையாகக் கடல் தாண்டிய ஓர் அணிக்குப் போனது. உள்ளூர்க் கைதட்டல் தீர்மானிப்பதாக இருந்தால் அது நடந்திருக்குமா?

கட்டுரை அறவே விட்டுவிட்ட ஒன்றையும் சொல்ல வேண்டும். அணிப் போட்டிகளுக்கு நெடுங்காலம் முன்பே, 1781-இல் ஃபால்கிர்க் நகரில், தனி வாசிப்புப் போட்டி நடந்திருக்கிறது. இன்றும் ஸ்காட்லாந்தின் ஓபன் (Oban) நகரின் ஆர்கைல்ஷயர் விழாவிலும் இன்வர்னஸ் நகரின் நார்தர்ன் மீட்டிங் விழாவிலும் தங்கப் பதக்கத்துக்காகக் கலைஞர்கள் பீப்ராக் என்னும் செவ்வியல் வடிவத்தை வாசிக்கிறார்கள். மெதுவான ஒரு மூல மெட்டில் தொடங்கி, அதையே படிப்படியாகச் சிக்கலாக்கிக்கொண்டு போய், கடைசியில் மீண்டும் மூல மெட்டுக்கே திரும்பும் அந்த வாசிப்பு கால் மணி நேரம்கூட நீளும். தாளைப் பார்க்காமல் முழுவதும் மனப்பாடமாகவே வாசிக்க வேண்டும். பல பாடல்களைத் தயார் செய்துவரும் கலைஞர், அவற்றில் நடுவர்கள் கேட்பதை வாசிக்கிறார். அரங்கில் கூட்டம் சிறிதாகவே இருக்கும், ஆனால் அங்கே நிலவும் அமைதியை நான் வேறெங்கும் கண்டதில்லை.

தங்கள் கட்டுரையாளர் மீண்டும் இங்கு வர நேர்ந்தால், போட்டி வட்டத்தருகே இடம்பிடிப்பதற்கு முன்னால், திடலின் ஓரத்தில் மரங்களுக்கடியில் அணிகள் சுருதி சேர்க்கும் இடத்துக்குப் போய் அரை மணி நேரம் நிற்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். துளைகளின் மேல் ஒட்டிய நாடாவை மயிரிழை அளவு நகர்த்தி, ஒவ்வொரு குழலாகச் செவிமடுத்து, மழைத் தூறலில் சுருதி மாறிவிட்டால் முதலிலிருந்து தொடங்குவார்கள். அதற்கு யாரும் கைதட்டுவதில்லை.

இப்படிக்கு,
கிளாஸ்கோவிலிருந்து ஒரு வாசகி