கவுன்சலிங் நம்பரும் கான்ட்ராக்ட் அக்காக்களும்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஐ.டி. ஊழியர்களின் மன அழுத்தம் பற்றி சென்ற வாரம் உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். நல்ல கட்டுரைதான், குறை சொல்ல எழுதவில்லை. ஆனால் அதில் வந்த ஊழியர்கள் எல்லோருமே லேப்டாப் வைத்திருப்பவர்கள். அதே கட்டடத்துக்குக் காலை ஆறரைக்கே வந்து, தரை துடைத்து, கழிப்பறை கழுவி, லேப்டாப்காரர்கள் வருவதற்குள் காபி மெஷினில் பால் பவுடர் நிரப்பி வைப்பவர்களில் ஒருவர்கூட அதில் இல்லை.

நான் பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு நிறுவனத்தில், அட்மின் பிரிவில் பதினோரு வருடமாக இருக்கிறேன். ஹவுஸ்கீப்பிங், செக்யூரிட்டி, கேன்டீன் கான்ட்ராக்ட் எல்லாம் எங்கள் மேஜைக்குத்தான் வரும். அக்டோபர் 10, உலக மனநல நாள் வந்தால் பச்சை ரிப்பன், யோகா வகுப்பு, குரூப் போட்டோ. 2024-ல் பணியிட மனநலத்தையே உலக சுகாதார நிறுவனம் அந்த நாளின் கருப்பொருளாக வைத்தது. அதனால் அந்த வருடம் தளத்துக்கு இரண்டு போஸ்டர் ஒட்டினோம். இலவச கவுன்சலிங், எந்த நேரமும் கூப்பிடலாம், ரகசியம் காக்கப்படும் என்று ஒரு நம்பர். முழுக்க ஆங்கிலம். ஒட்டச் சொன்னது நான்தான்.

அந்தப் போஸ்டரைத் தினமும் துடைக்கிற அக்கா ஒருநாள் பேன்ட்ரியில் சிங்க் பக்கம் திரும்பி நின்று அழுதுகொண்டிருந்தார். கணவர் இறந்து மூன்று மாதம், ராத்திரி தூக்கமே இல்லை, பஸ் ஏறினால் நெஞ்சு படபடவென்று அடிக்கிறது, நடுவில் எங்கேயோ இறங்கி நின்றுவிடுகிறேன் என்றார். சரி, இதற்குத்தானே போஸ்டர் என்று என் போனிலிருந்தே கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டேன். எடுத்தவர் முதலில் கேட்டது ஊழியர் எண். அக்காவின் கார்டில் இருப்பது கான்ட்ராக்டர் கொடுத்த எண், அது அவர்கள் கணினியில் இல்லை. நிரந்தர ஊழியருக்கும் குடும்பத்தாருக்கும் மட்டும்தான் என்று ரொம்ப மரியாதையாக ஆங்கிலத்தில் சொன்னார். நான் மொழிபெயர்க்கவே தேவை இருக்கவில்லை, என் முகத்தைப் பார்த்தே அக்கா புரிந்துகொண்டார். "பரவால்ல மேடம், விடுங்க. அது உங்களுக்கு வெச்சது" என்று சொல்லிவிட்டு மாப்பை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அவர் இருப்பது கண்ணகி நகரில். சென்னைக்குள் கூவம் கரையிலும் மற்ற இடங்களிலும் இருந்த குடிசைகளைக் காலி செய்து 2000-க்குப் பிறகு அங்கே கொண்டுபோய் விட்டார்கள்; 2015 வெள்ளத்துக்குப் பிறகு காலி செய்யப்பட்ட பலரைப் பெரும்பாக்கத்தில் விட்டார்கள். இவர்களில் பெரும்பகுதி தலித் மக்கள். பழைய வேலையும் பிள்ளைகளின் பள்ளிக்கூடமும் இருபது கிலோமீட்டருக்கு அப்பால் போய்விட, பெண்களுக்குப் பக்கத்தில் கிடைத்தது எங்களைப் போன்ற கட்டடங்களில் துடைக்கிற வேலை. அதிலும் முகவரி கேட்டால் பலர் துரைப்பாக்கம் என்றுதான் சொல்வார்கள், கண்ணகி நகர் என்று சொன்னால் எதிரே இருப்பவர் பார்க்கிற பார்வையே வேறு. தளத்தில் யாருடைய ஹெட்போன் காணாமல் போனாலும் முதலில் திறக்கப்படுவது இவர்கள் பைதான். ஹெட்போன் அப்புறம் அதே ஆளின் டிராயரிலேயே கிடைக்கும். மன்னிப்புக் கேட்டு நான் பார்த்ததில்லை. சாப்பிடுவது பேஸ்மென்ட் படிக்கட்டில். இத்தனையும் சேர்ந்துதான் அந்தப் படபடப்பு. கணவர் இறந்த துக்கம் மட்டும் என்று நான் நினைக்கவில்லை.

அரசின் மனநல உதவித் தொலைபேசி, டெலி-மானஸ் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. 14416. 2022 அக்டோபரில் தொடங்கியது, இலவசம், 24 மணி நேரம், தமிழிலேயே பேசலாம், கார்டு நம்பர் கேட்பதில்லை. நானும் அதைத்தான் எழுதிக் கொடுத்தேன். ஆனால் எங்கே நின்று பேசுவது? வேலை நேரத்தில் ஹவுஸ்கீப்பிங் ஆட்கள் போனை லாக்கரில் வைத்துவிட வேண்டும். வீடு ஒரே அறை, மாமியார், இரண்டு பிள்ளைகள். மனம் விட்டுப் பேச நாலு சுவர் வேண்டாமா? எங்கள் ஆபீசில் ஓய்வறை என்று ஒன்று இருக்கிறது, சோபாவும் மங்கிய விளக்குமாக. அதன் கதவும் நிரந்தர ஊழியர் கார்டுக்குத்தான் திறக்கும்.

இ.எஸ்.ஐ., அதாவது தொழிலாளர் மருத்துவக் காப்பீட்டு விஷயத்தையும் சொல்ல வேண்டும். மாதம் 21,000 ரூபாய் வரை வாங்குபவருக்கு அது உண்டு, அக்காவின் சம்பளத்திலும் 0.75 சதவீதம் பிடிக்கிறோம். நோயால் விடுப்பு எடுத்தால் வருடத்தில் 91 நாள் வரை கூலியில் 70 சதவீதம் இ.எஸ்.ஐ. தர வேண்டும். தீவிர மனநோய்களுக்கு நீட்டிக்கப்பட்ட நோய்ப்பயன் 80 சதவீதமாக இரண்டு வருடம் வரைகூடப் போகலாம். பிடித்தம் செய்கிற எனக்கே இதை நானாகத் தேடிப் படித்த பிறகுதான் தெரிந்தது. அக்காவுக்கு யார் சொல்லியிருப்பார்கள்? தெரிந்தாலும் முதலில் அரை நாள் லீவு கேட்க வேண்டும். சூப்பர்வைசர் ஏன் என்பார். மனசு சரியில்லை என்று சொன்னால் அடுத்த வாரமே "கீழ்ப்பாக்கம்" என்று பட்டப்பெயர் வந்துவிடும். 1794-ல் தொடங்கிய ஒரு மனநல ஆஸ்பத்திரியின் பெயரை இன்னும் வசவாகத்தான் வைத்திருக்கிறோம்.

கான்ட்ராக்ட் ஆட்கள் எங்கள் ஊழியர்கள் அல்ல, கான்ட்ராக்டரைக் கேளுங்கள் என்று நிறுவனங்கள் சொல்லும். எங்கள் எச்.ஆரும் அதைத்தான் சொன்னார். ஆனால் பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013 சட்டத்தை எடுத்துப் பாருங்கள். தினக்கூலியோ, தற்காலிகமோ, கான்ட்ராக்டர் மூலம் வந்தவரோ, எல்லோரும் அந்த இடத்தின் ஊழியர்தான் என்று அதில் தெளிவாக இருக்கிறது. புகார் கொடுக்கும்போது எங்கள் ஊழியராக இருப்பவர், தூக்கம் வராதபோது மட்டும் எப்படி அந்நியர் ஆகிறார்?

நிரந்தர ஊழியர்களுக்குள்ளும் எல்லோருக்கும் இந்தக் கவுன்சலிங் ஒரே மாதிரி பயன்படுவதில்லை. எனக்குத் தெரிந்த ஒரு பையன், முதல் தலைமுறைப் பட்டதாரி, டீமில் கோட்டா என்று ஜாடையாகப் பேசுவதைத் தாங்க முடியாமல் இதே நம்பருக்குப் போட்டான். அந்தப் பக்கம் இருந்தவர் நீங்கள் அதிகமாக யோசிக்கிறீர்கள், மூச்சுப் பயிற்சி செய்யுங்கள் என்றாராம். அவன் அதற்கப்புறம் கூப்பிடவில்லை. சாதி என்றால் என்னவென்றே கேட்டறியாதவர்போல உட்கார்ந்திருப்பவரிடம் அவன் என்னத்தைச் சொல்வான்? 2017 மனநலச் சட்டம், அரசு மனநலச் சேவைகளில் சாதி, வர்க்கம், பாலினம், பாலியல் நாட்டம் பார்த்துப் பாகுபாடு கூடாது என்கிறது. தனியார் நிறுவனம் காசு கொடுத்து வாங்கும் கவுன்சலிங்குக்கும் அதே அளவுகோல் இருக்க வேண்டும் என்பதுதான் என் கட்சி.

தொழிலாளர் துறையும் நிறுவனங்களும் மனது வைத்தால் பெரிய செலவெல்லாம் ஆகாது. கான்ட்ராக்ட் போடும்போதே கவுன்சலிங்கில் இவர்களையும் சேர்த்து ஒரு வரி எழுதலாம். மாதத்தில் இரண்டு மணி நேரம் கூலி பிடிக்காமல் விடலாம், காரணம் கேட்காமல். ஓய்வறைக் கதவுக்கு இந்தக் கார்டுகளையும் சேர்க்க ஐந்து நிமிட வேலை. எங்கள் ஆபீசில் அதற்கு மெயில் போட்டு ஏழு வாரமாகிறது, பரிசீலனையில் இருக்கிறதாம்.

அதுவரைக்கும் 14416 என்று தமிழில் பெரிதாக எழுதி, துடைப்பமும் பினாயிலும் வைக்கிற அறைக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறேன். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. இன்னும் யாரும் கிழிக்கவில்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
மேடவாக்கம்.