வெள்ளச்சி எப்படிச் செத்தாள்

ராஜபாளையம்,
ஞாயிறு காலை.

அன்பு மகள் கயலுக்கு,

உன் நாய் பவளத்துக்கு ஒரு ஈத்தாவது பார்த்துவிட்டுப் பிறகு கருத்தடை செய்யலாமா என்று வியாழக்கிழமை போனில் கேட்டாய். நானும் "பாவம், ஒரு தடவை தாயாகட்டுமே" என்று சொல்லிவிட்டேன். அந்தப் பேச்சைத் திரும்ப எடுத்துக்கொள்ளத்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் நீ குறுக்கே பேசுவாய்.

நம் பழைய நாய் வெள்ளச்சி எப்படிச் செத்தாள் என்று உனக்கு முழுதாகச் சொன்னதில்லை. நீ விடுதியில் இருந்தாய், பரீட்சை நேரம். வயதாகிவிட்டது என்று முடித்துக்கொண்டோம். அவளுக்கு ஒன்பது வயதுதான். பருவம் வந்து போய் ஒன்றரை மாதம் இருக்கும். சட்டியில் தண்ணீர் ஊற்ற ஊற்றக் குடித்தாள். சித்திரை வெயில் என்று நினைத்தேன். சோற்றை முகர்ந்துவிட்டு நகர்ந்தாள். ராத்திரி திண்ணையிலேயே சிறுநீர் விட்டாள், அதற்கு உன் அம்மாவிடம் திட்டு வேறு வாங்கினாள். வயிறு உப்பியபோது, இந்த வயதில் சினையா என்று நான் கேலி பேசினேன். நான்கு நாள் கழித்துத்தான் டாக்டரிடம் தூக்கிப் போனேன். கருப்பை முழுக்கச் சீழ். பயோமெட்ரா என்றார்.

சினை பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும், ஒவ்வொரு பருவத்துக்குப் பிறகும் ஹார்மோனால் கருப்பைச் சுவர் தடிக்கிறதாம். பருவத்தில் கருப்பை வாய் திறந்திருக்கும்போது ஏறிய கிருமி அங்கே பெருகிவிடுகிறது. சீழ் கசிந்தால் நம் கண்ணில் படும். வெள்ளச்சிக்கு வாய் மூடிக்கொண்டது; ஒரு சொட்டு வெளியே வரவில்லை. கருப்பையை எடுத்தார்கள், ஆனால் அதற்குள் சிறுநீரகம் கெட்டிருந்தது. மூன்றாம் நாள் போய்விட்டாள். அவள் இரண்டு ஈத்து கண்டவள் என்பதை நினைத்துக்கொள். குட்டி போட்டால் கருப்பை சுத்தமாகும் என்று தெருவில் சொல்வதை நானும் நாற்பது வருடம் சொல்லிவந்தேன்.

அடுத்தது, நீ பார்த்து வைத்திருக்கும் கடுவன். பவளத்தை வாங்கிய அதே ஆளிடம் வாங்கியது என்றாய். அப்படியென்றால் அவளுக்கு அண்ணன் முறையோ சித்தப்பன் முறையோ, யார் கண்டது! நம் ஊர் நாய்க்குப் பால்வெள்ளை உடம்பும் ரோஜா நிற மூக்கும்தான் பெருமை. 2005ல் தபால்தலையிலேகூட ஏறியது. அந்த வெள்ளைக்கு ஒரு விலை இருக்கிறது. நிறம் தரும் அணுக்கள் உள்காதிலும் இல்லாமல் போனால் குட்டி செவிடாகப் பிறக்கும். சொந்தத்துக்குள்ளேயே சேர்த்தால் அது இன்னும் கூடும். வெள்ளச்சியின் இரண்டாம் ஈத்தில் ஏழில் இரண்டு அப்படி. தட்டைக் கீழே போட்டுப் பார்த்தேன், ஏழும் திரும்பின. தரை அதிர்ந்ததால் திரும்பியிருக்கின்றன. தூங்கும்போது பின்னால் நின்று சாவிக்கொத்தைக் குலுக்கியபோதுதான் விஷயம் தெரிந்தது. ஒன்று, ஹாரன் கேட்காமல் லாரியில் அடிபட்டது. மற்றது, சொன்ன பேச்சு கேட்காதவன் என்று நீ திட்டுவாயே, அந்த வீரன்தான்.

இத்தனைக்குப் பிறகும் ஆசை விடவில்லையென்றால், உறவில்லாத கடுவனாகப் பார். இரண்டுக்கும் புருசெல்லா பரிசோதனை முதலில்; சேரும்போது தொற்றிக் கருவைக் கலைக்கும் கிருமி அது. சேர்ந்து 63 நாள் கணக்கு, சில நாள் முன்னே பின்னே ஆகும். கடைசி வாரம் காலையும் மாலையும் உடல்சூடு பார். 99 டிகிரிக்குக் கீழே இறங்கினால் ஒரு நாளுக்குள் ஈனுவாள். அரை மணி நேரம் விடாமல் முக்கியும் குட்டி வராவிட்டாலும், முதல் குட்டிக்கு முன்பே பச்சையாக நீர் வந்தாலும் காத்திருக்காமல் டாக்டரிடம் ஓடு. பக்கத்து வீட்டுக்காரர் கால்சியம் டானிக் கொண்டுவருவார். வாங்கி அலமாரியில் வை. சினையில் டாக்டர் சொல்லாமல் அதைக் கொடுத்தால், பால் கொடுக்கும் நாளில் உடம்பு தானாகக் கால்சியம் எடுக்க முடியாமல் திணறி வலிப்பு வரலாம்.

எனக்குக் கருத்தடைதான் சரி என்று படுகிறது. பவளத்துக்குப் போன பருவம் எந்தத் தேதியில் வந்தது என்று எழுதி வைத்திருக்கிறாயா? முடிந்து இரண்டு மூன்று மாதம் விட்டுச் செய்தால் ரத்தப்போக்கு குறைவு என்கிறார் இங்கே டாக்டர். நாள் குறித்ததும் சொல், நானும் அம்மாவும் முந்தின நாளே வந்துவிடுகிறோம். அன்று ராத்திரி பத்து மணிக்கு மேல் அவளுக்கு ஒன்றும் வைக்கக்கூடாது. அம்மா வைப்பாள், நீதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அப்பா