பச்சைச் சுருளுக்கு நடுவே ஒரு தீவு

ஆசிரியருக்கு வணக்கம்.

இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் உள்ள கெர்கெலன் தீவைச் சுற்றிக் கடல் பச்சையாகச் சுருண்டிருக்கும் செயற்கைக்கோள் படம் போட்டிருந்தீர்கள். சந்தோஷம். ஆனால் 'இயற்கையின் ஓவியம்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்களே!

அது மிதவை நுண்பாசிக் கூட்டம். அண்டார்டிகாவைச் சுற்றிய தென்கடலில் நைட்ரேட் என்ற சத்துக்குக் குறைவில்லை, இரும்புக்குத்தான் பஞ்சம். தீவிலிருந்தும் அதைத் தாங்கும் கடலடி மேட்டிலிருந்தும் இரும்பு கலக்கும் இடத்தில் பாசி பொங்குகிறது.

நான் அல்சூரில் குடியிருக்கும் தூத்துக்குடிக்காரன். என் மச்சான் வல்லம் என்ற படகில் மீன் பிடிக்கக் கடலுக்குப் போகிறவர். ஐதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்ற கடல் தகவல் மையம் தரும் மீன்வளப் பகுதித் தகவலைப் போனில் பார்த்த பிறகுதான் டீசல் ஊற்றுவார். அதுவும் பாசி இருக்குமிடத்தைக் காட்டும் கடல்நீரின் நிறத்தையும் வெப்பத்தையும் வைத்துச் சொல்வதே. 2022 நவம்பர் 26-இல் ஏவிய ஓஷன்சாட்-3 செயற்கைக்கோளின் கேமரா 13 அலைவரிசைகளில் நிறம் பார்க்கிறது. மேகம் மூடினால் அதற்கும் கண் தெரியாது. மச்சான் திட்டுவது அன்றைக்குத்தான்.

பச்சையெல்லாம் நல்லதுமில்லை. 2019-இல் மன்னார் வளைகுடாவில் நாக்டிலூகா என்ற மிதவை நுண்ணுயிர் பெருகி மீன்கள் செத்து ஒதுங்கின.

தங்கம் விலைக்குப் பக்கத்தில் வாரம் ஒருமுறை வங்கக் கடல், அரபிக் கடல் நிறப்படத்தை, எந்த நிறத்துக்கு என்ன பொருள் என்ற பட்டையோடு போடுங்கள். பெங்களூரு பதிப்பிலும்தான்.

இப்படிக்கு,
அல்சூர் வாசகர், பெங்களூரு