என் இர்வின் ஜாக்கெட்டின் பழைய ஜிப் எங்கே?

பெறுநர்: மேலாளர், தோல் ஜாக்கெட் பழுதுபார்ப்புப் பிரிவு

மதிப்பிற்குரிய ஐயா,

இது என் ஐந்தாவது கடிதம். முதல் நான்குக்கும் ‘உங்கள் புகார் பதிவாகியுள்ளது’ என்ற ஒரே பதில்தான் வந்தது.

மார்ச்சில் நான் அனுப்பியது இரண்டாம் உலகப் போர்க்காலத்து இர்வின் ஜாக்கெட், பிரிட்டிஷ் விமானப்படையினர் அணிந்த செம்மறியாட்டுத் தோல் ஜாக்கெட். வலது கை ஜிப்பில் ரன்னர், அதாவது பிடித்து இழுக்கும் ஓடி, மட்டும் கழன்றிருந்தது. “ரன்னரை மட்டும் சரிசெய்யுங்கள், எதைக் கழற்றினாலும் திருப்பி அனுப்புங்கள்” என்று சீட்டு எழுதிக் காலரிலேயே குத்தியிருந்தேன். திரும்பி வந்தபோது இரண்டு கைகளிலும் பளபளவென்று நைலான் ஜிப்! இடது கை ஜிப் நன்றாகத்தானே ஓடிக்கொண்டிருந்தது?

பழைய தையல் துளைகளுக்குப் பக்கத்திலேயே வரிசையாகப் புதுத் துளைகள். துணி என்றால் ஊசித் துளை மூடிக்கொள்ளும். தோலில் விழுந்தது விழுந்ததுதான். இது உங்களுக்குத் தெரியாததா? 25,000 அடி உயரத்தில், மைனஸ் 35 டிகிரி குளிரில், கனமான கையுறையோடு விமானிகள் இழுத்து மூடிய ஜிப் ஐயா அது.

மூன்றாவது முறை தொலைபேசியில் பேசியவர் சொன்னது இன்னும் காதில் கேட்கிறது: “துருப்பிடிச்ச ஜிப்பைக் குப்பையில போட்டாச்சு. புதுசு போட்டதுக்கு நீங்க நன்றிதான் சொல்லணும்.” அப்புறம் பாதிப் பேச்சில் வைத்துவிட்டார். எண்பது வருடம் தாங்கிய ஜாக்கெட்டை ஒரே நாளில் நாசமாக்கிவிட்டு நன்றியா? என் ஏழு வருடச் சேமிப்பு மொத்தமும் போச்சு.

இதற்கு முன்பு, வியாழன் காலை 11 மணிக்கு நேரில் வரச் சொன்னீர்கள். விடுப்பு எடுத்து, இரண்டு ரயில் மாறி, மழையில் வந்தேன். கதவு பூட்டியிருந்தது. பொறுப்பாளர் விடுமுறையாம். அதை முதல் நாளே சொல்லக் கூடாதா?

சரி, சண்டை போடுவது என் நோக்கம் இல்லை. உங்கள் ஆட்களில் கைதேர்ந்தவர்கள் இருப்பதை நம்பித்தான் கொடுத்தேன். கூலி 185 பவுண்டைத் திருப்பித் தாருங்கள், தோலுக்கு ஏற்பட்ட சேதத்துக்கும் இழப்பீடு தாருங்கள். 14 நாளில் பதில் இல்லையென்றால், 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டத்தின்படி வழக்குப் போடுவேன். ரசீது, படங்கள், சீட்டின் நகல் எல்லாம் தயாராக இருக்கின்றன.

அதற்கு முன் தயவுசெய்து பட்டறையில் ஒருமுறை தேடச் சொல்லுங்கள். இரண்டு ஜிப், உலோகப் பல் வைத்தவை, முழங்கை வரை நீளம். துருவோடு கிடைத்தாலும் போதும்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்