சாவியைக் கையில் கொடுத்தவர்களுக்கு

அன்புக்குரியவர்களே,

எங்கள் ஊராட்சி மன்றத்தின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5ஆம் தேதியோடு முடிந்தது. மாலை, பொன்னாடை எதுவும் இல்லை. தலைவர் அம்மா அலுவலக இழுப்பறையில் இருந்த மூக்குக்கண்ணாடியையும் வெற்றிலைப் பெட்டியையும் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்து போனார். அதன்பின் தனி அலுவலரின் கையெழுத்தில் வேலைகள் நடக்கின்றன. அன்றே எழுதியிருக்க வேண்டிய மடல் இது. தள்ளிப் போட்டுக்கொண்டே வந்துவிட்டேன். இப்போது ஊராட்சி செயலர் அண்ணனுக்கும் வேறு ஊருக்கு மாறுதல் வந்திருக்கிறது. அவர் கிளம்புவதற்குள், நம் பிள்ளைகளுக்கு நூலகமும் விளையாட்டுத் திடலும் கிடைக்கக் கைகொடுத்த எல்லோருக்கும் சொல்ல வேண்டிய நன்றியைச் சொல்லிவிட வேண்டும்.

காரைக்குடியிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரத் தொலைவில் இருக்கும் இந்த ஊருக்கு நான் வாழ வந்தவள். கணிதத்தில் பட்டம் வாங்கிவிட்டுப் பத்து ஆண்டுகள் வீட்டோடு இருந்தேன். 2021 அக்டோபரில் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் தொடங்கியபோது, தன்னார்வலர்கள் தேவை என்று பள்ளித் தலைமை ஆசிரியர் வீடு வீடாகச் சொல்லிக்கொண்டு வந்தார். நான் தயங்கி நின்றேன். அடுப்படியிலிருந்து என் மாமியார்தான், “அவள் வருவாள், பெயரை எழுதிக்கொள்ளுங்கள்” என்றார். அத்தை, அந்த ஒரு வார்த்தைக்கு இதுவரை உங்களிடம் நான் நன்றி சொன்னதே இல்லை.

மாலையில் ஒன்றரை மணி நேரம், 20 பிள்ளைகள், மாதம் 1000 ரூபாய் ஊக்கத்தொகை. கொரோனாவில் பள்ளி மூடிக் கிடந்த காலத்தில் எழுத்தை மறந்துபோன பிள்ளைகள் அவர்கள். ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன் தன் தங்கையின் இரண்டாம் வகுப்புப் புத்தகத்தை ஒளித்து வைத்து எழுத்துக் கூட்டிக்கொண்டிருந்தான். நான் பார்த்துவிட்டேன் என்று தெரிந்ததும் மூடிவிட்டான். அந்த முகம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

உட்கார இடம் கொடுத்தவர் ஆச்சி. இங்கே ஒரு தெருவில் முன்வாசலும் அடுத்த தெருவில் பின்வாசலுமாக நிற்கும் வீடுகளில் பெரும்பாலானவை பூட்டிக் கிடப்பவை; கல்யாணம், முன்னோர்க்குப் படைப்பு என்றால்தான் கதவு திறக்கும். ஆச்சி மட்டும் தம் வீட்டை விட்டுப் போகாமல் இருந்தார். முகப்புத் திண்ணையை எங்களுக்கு விட்டுக்கொடுத்து இரண்டே நிபந்தனைகள் வைத்தார்: வாசல் கோலத்தை மிதிக்கக் கூடாது, கிளம்பும்போது விளக்கை அணைக்க வேண்டும். ஆத்தங்குடிக் கல் பதித்த அந்தத் தரையின் குளிர்ச்சியில் சின்னப் பிள்ளைகள் படிக்க வந்து படுத்துத் தூங்கியதும் உண்டு. ஆச்சி, இப்போது சென்னையில் மகள் வீட்டில் இருக்கிறீர்கள். பேத்தி இதை உங்களுக்கு வாசித்துக் காட்டுவாள் என்று நம்புகிறேன். உங்கள் திண்ணை வெளிச்சத்தில் படித்தவர்களில் ஏழு பேர் பத்தாம் வகுப்புக்கு வந்துவிட்டார்கள்.

சின்னப் பிள்ளைகளுக்குத் திண்ணை போதுமானதாக இருந்தது. அவர்களுடைய அண்ணன்மாரும் அக்காமாரும்தான் என் மனதை அரித்தவர்கள். ஐந்து மணிக்கு மேல் பையன்கள் ஊருணிப் படித்துறையில் கூடுவார்கள். முதலில் கைப்பேசி, பிறகு சிகரெட், பிறகு இருட்டில் பாட்டில் உடையும் சத்தம். பெண் பிள்ளைகளோ பள்ளி விட்டு வந்ததும் வீட்டுக்குள் போனால் மறுநாள் காலையில்தான் வெளியே வருவார்கள். பதினாறு வயதுப் பிள்ளைக்கு ஊரில் போய் உட்கார ஓர் இடம் இல்லை என்பதைப் பெற்றவர்கள் யாரும் ஒரு குறையாகவே நினைக்கவில்லை. நானும் வெகு நாள் நினைக்கவில்லை.

இடம் இருந்தது, பூட்டிக் கிடந்தது. 2006க்கும் 2011க்கும் இடையில் அனைத்துக் கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சிதோறும் நூலகம் கட்டினார்களே, அதில் ஒன்று எங்களுக்கும் உண்டு. ஒரே அறை, இரண்டு சன்னல். திறந்து பார்த்தபோது உள்ளே பிளீச்சிங் பவுடர் மூட்டைகள், பழைய தெருவிளக்குகள், கரையான் தின்றது போக மிஞ்சிய புத்தகங்கள்.

அந்தக் கதவைத் திறந்தவர் தண்ணீர் அண்ணன். பதிவேட்டில் அவர் மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டி இயக்குபவர். ஊரில் எல்லோருக்கும் தண்ணீர் அண்ணன். மோட்டார் அறைச் சாவிக் கொத்திலேயே நூலகச் சாவியும் தொங்கிக்கொண்டிருந்தது. மாலையில் நூலகத்தைத் திறக்க முடியுமா என்று அவரிடம் கேட்டபோது, மேலிடத்து உத்தரவு உண்டா என்று அவர் கேட்கவில்லை. “எத்தனை மணிக்குத் திறக்க வேண்டும்?” என்று மட்டும் கேட்டார். ஐந்து மணி என்றேன். அன்றிலிருந்து மாலைத் தண்ணீரைத் திறந்துவிட்டு நேராக அங்கே வந்துவிடுவார். கூட்டுவது, பானையில் தண்ணீர் நிரப்புவது, எட்டு மணிக்கு ஒவ்வொரு பெண் பிள்ளையும் வீட்டுப் படியேறும் வரை தெருமுனையில் நிற்பது, எதற்கும் அவருக்குத் தனிச் சம்பளம் கிடையாது. ஒரு தீபாவளி மாலை, யாரும் வரமாட்டார்கள் என்று நான் வீட்டிலேயே இருந்துவிட்டேன். ஒரே ஒரு பையன் போயிருக்கிறான். அவனுக்காக அண்ணன் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு எட்டு மணி வரை உட்கார்ந்திருந்தார். அந்தப் பையனின் வீட்டில் அன்று என்ன நடந்துகொண்டிருந்தது என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அண்ணே, உங்களுக்குத்தான் என் முதல் வணக்கம்.

செயலர் அண்ணனைப் பற்றி எழுத நிறைய இருக்கிறது. மின்கம்பி மாற்றவும் வெள்ளையடிக்கவும் ஊராட்சிப் பொதுநிதியில் வழி கண்டார். பக்கத்து ஊர்க் கிளை நூலகரை ஒரு விடுமுறை நாளில் அழைத்து வந்து புத்தகங்களை வகை பிரிக்க வைத்தார். அந்த நூலகருக்கும் நன்றி. மத்தியானச் சாப்பாட்டைக்கூட வாங்கிக்கொள்ள மறுத்துவிட்டுப் போனார். ஆனால் எனக்கு மறக்காதது செயலர் அண்ணன் நடத்திய ஒரு வகுப்பு. வீட்டு வரி ரசீது ஒன்றைப் பிள்ளைகளிடம் கொடுத்து, அதில் நூலக வரி என்ற வரியைத் தேடச் சொன்னார். வீட்டு வரியில் ரூபாய்க்கு 10 காசு. 1948இல் வந்த பொது நூலகச் சட்டத்தின்படி வசூலிக்கும் பணம் அது. “உங்கள் தாத்தா காலத்திலிருந்து இந்த ஊர் புத்தகத்துக்குக் காசு கட்டிக்கொண்டிருக்கிறது” என்றார். அன்று மாலை பிள்ளைகள் ஆளுக்கொரு ரசீதை வீட்டிலிருந்து எடுத்துக்கொண்டு ஓடி வந்தார்கள். அதுவரை பயந்து பயந்து உள்ளே வந்தவர்கள், அதற்குப் பிறகு மின்விசிறி ஓடவில்லை என்றால் நேரே ஊராட்சி அலுவலகத்துக்குப் போய்க் கேட்க ஆரம்பித்தார்கள்.

விளையாட்டுத் திடல், பெண் பிள்ளைகள் கேட்டு வாங்கியது. 2022 அக்டோபர் 2 கிராம சபையில் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுந்து நின்றாள். கிராம சபைக்கு வாக்காளர்கள்தான் உறுப்பினர்கள், பள்ளிப் பிள்ளை எப்படிப் பேசலாம் என்று பெரியவர் ஒருவர் கேட்டார். அவர் சொன்னது விதிப்படி சரிதான். தலைவர் அம்மா மைக்கை வாங்கி, “அவள் கை தூக்கி ஓட்டுப் போட வேண்டாம். சொல்வதை நாம் கேட்பதற்கு எந்த விதியும் தடையில்லையே” என்றார். பையன்களுக்கு ஊருணிக்கரை இருக்கிறது, நாங்கள் எங்கே விளையாடுவது என்று அவள் கேட்டாள். அவ்வளவுதான் அவள் பேச்சு. நடுக்கத்தில் அதற்கு மேல் வரவில்லை. தீர்மானம் நிறைவேறியது.

ஊருணிக்கு வடக்கே சீமைக் கருவேலம் மண்டிக் கிடந்த புறம்போக்கு அதற்கு ஒதுக்கப்பட்டது. முள்ளை ஏலம் விட்டு வெட்டினார்கள். மண்ணை நிரவி, கல் பொறுக்கி, மேடு பள்ளம் சரி செய்தவர்கள் நூறு நாள் வேலைக்கு வந்த அக்காமார். வைகாசி வெயிலில், தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, “எங்கள் பெண்கள் விழுந்தால் முழங்கால் சிராய்க்கக் கூடாது” என்று சொல்லிச் சொல்லிக் கல் பொறுக்கினார்கள். குன்றக்குடியில் அடிகளார் ஊருக்கென்று திட்டம் வகுத்து, ஊர்க்காரர்களைக் கொண்டே அதை நடத்திக் காட்டிய கதையை அங்கே ஒரு மரத்தடியில் ஒரு பெரியவர் சொல்லிக்கொண்டிருந்தார். அன்று கிராம சபையில் விதி பேசினாரே, அவர்தான். திடலுக்கு முதல் கைப்பந்து வலை வாங்கிக் கொடுத்ததும் அவர்தான்.

திடலுக்கு ஒரு விளக்கு வாங்க நாங்கள் அலைந்ததை மட்டும் வேகமாகக் கடந்துவிடுகிறேன். ஓர் அலுவலகத்தில் எங்கள் மனு மூன்று முறை காணாமல் போனது. நான்காம் முறை செயலர் அண்ணன் தம் மோட்டார் சைக்கிளில் என்னோடு வந்து, தேதி முத்திரை குத்திய ஒப்புகைச் சீட்டு கைக்கு வரும் வரை நகரவில்லை. இப்போது விளக்கு எரிகிறது.

மாலை நாலரையிலிருந்து ஐந்தரை வரை திடல் பெண் பிள்ளைகளுக்கு மட்டும். உயர்நிலைப் பள்ளி உடற்கல்வி ஆசிரியை தமது பஸ்ஸை விட்டுவிட்டு அடுத்த பஸ்ஸுக்குப் போவதால்தான் அந்த ஒரு மணி நேரம் நடக்கிறது. 2024இல் அரசு கொடுத்த கலைஞர் விளையாட்டு உபகரணங்கள் வந்து இறங்கியபோது பத்திரமாகப் பூட்டிவைக்கலாம் என்று சிலர் சொன்னார்கள். தலைவர் அம்மா பெட்டியைத் திடலிலேயே பிரித்தார். பந்துகள் தேய்ந்து தையல் விட்டுவிட்டன. அவற்றைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

அடுத்ததைச் சம்பந்தப்பட்ட பெண்ணின் அனுமதியோடு எழுதுகிறேன். 2023 கோடையில், பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு எழுதி முடித்தவள், நூலகத்தில் எல்லோரும் போன பிறகும் உட்கார்ந்திருந்தாள். முறைமாமனுக்குப் பேசி முடித்துவிட்டார்கள். அவளுக்கு 18 ஆக இன்னும் ஐந்து மாதம் இருந்தது. அவர்கள் எங்களுக்கும் உறவு. நான் வாயைத் திறந்தால் ஊரில் என்ன பேசுவார்கள் என்று எனக்குத் தெரியும். இரண்டு இரவுகள் தூங்கவில்லை. மூன்றாம் நாள் குழந்தைகள் உதவி எண் 1098ஐ அழைத்தேன்.

போலீஸ் ஜீப் வந்து நிற்கும் என்று நடுங்கிக்கொண்டிருந்தேன். வந்தவர் சமூக நலத் துறையின் ஊர்நல அலுவலர். தோளில் ஒரு பை, கையில் குடை. தலைமை ஆசிரியரைக் கூட்டிக்கொண்டு அந்த வீட்டுக்குப் போய், பெண்ணின் அம்மாவோடு அடுப்படியில் உட்கார்ந்தார். சட்டம் 18 வயது என்கிறது, மீறினால் தண்டனை உண்டு என்பதை ஒரே ஒரு முறை சொன்னார். மற்ற நேரமெல்லாம் அந்த அம்மா பேசப் பேசக் கேட்டார். நகை அடகில் இருக்கிறது, சமையலுக்கு முன்பணம் கொடுத்தாகிவிட்டது, அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, நாளைக்கு ஏதாவது ஆகிவிட்டால் யார் பார்ப்பார்கள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, மாப்பிள்ளை வீட்டுக்குத் தாமே போய்ப் பேசினார். முன்பணத்தில் பாதியைத் திரும்ப வாங்கிக் கொடுத்தார். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்த பெண் மேலே படித்தால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் அவள் கணக்குக்கே வரும் என்று எழுதியே காட்டினார். எழுதி வாங்க வேண்டிய உறுதிமொழியைக் கடைசியில்தான் வாங்கினார். யார் தகவல் சொன்னார்கள் என்று அவர் இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை. இப்போது நானே சொல்கிறேன். அந்தப் பெண்ணின் அம்மா சென்ற பொங்கலுக்கு என் வீட்டுக்கு வந்து கரும்பு கொடுத்துவிட்டுப் போனார்; அவருக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது.

அவள் இப்போது காரைக்குடியில் அரசுக் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதால் அந்த 1000 ரூபாயில் பெரும்பகுதி மிஞ்சுகிறது. அடகில் இருந்த ஒரு மோதிரத்தை அவளே மீட்டிருக்கிறாள்.

படித்துறைப் பையன்களில் இரண்டு பேர் குரூப் 4 தேர்வுக்குப் படிக்க நூலகத்துக்கு வந்தார்கள். ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரையிலான பாடநூல்கள்தான் அதற்கு அடிப்படை என்பதால், தலைமை ஆசிரியர் பள்ளியில் இருந்த பழைய புத்தகங்களைக் கட்டுக் கட்டாக அனுப்பினார். சிவகங்கை வேலைவாய்ப்பு அலுவலகத்தின் தன்னார்வப் பயிலும் வட்டத்தில் கட்டணமில்லாமல் வகுப்பு நடக்கிறது என்று வழிகாட்டியவரும் அவரே. ஒருவன் தேறிவிட்டான். மற்றவன் தேறவில்லை, ஆட்டோ ஓட்டுகிறான். சவாரி முடிந்து ஏழு மணிக்கு வந்து எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறான். என்னைவிடப் பொறுமையாகச் சொல்லித் தருகிறான். தம்பி, உனக்கும் இந்த மடலில் இடம் உண்டு.

அங்கன்வாடி அக்கா, கம்பம் ஏறிய லைன்மேன் அண்ணன், திடலை அளந்து கொடுத்த பணி மேற்பார்வையாளர், மலேசியாவிலிருந்து நாற்காலிகளுக்குப் பணம் அனுப்பிவிட்டுப் பெயர் போட வேண்டாம் என்றவர், அனைவருக்கும் என் கைகூப்பு.

செயலர் அண்ணே, ஒரு செய்தி. நூலகத்துக்கு இப்போது இரண்டு சாவிகள். ஒன்று தண்ணீர் அண்ணனிடம். மற்றொன்று போன மாதம் காரைக்குடியில் வெட்டி வாங்கியது. கல்லூரிக்குப் போகும் அந்தப் பெண்ணிடம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவள்தான் திறக்கிறாள். நீங்கள் கிளம்புவதற்கு முந்தைய நாள் மாலை ஐந்து மணிக்கு அங்கே வாருங்கள். பிள்ளைகள் உங்களுக்குத் தெரியாமல் ஏதோ ஏற்பாடு செய்துகொண்டிருக்கிறார்கள். வீட்டு வரி ரசீதுகளைச் சேகரிக்கிறார்கள் என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

நன்றியுடன்,
உங்கள் ஊர் இல்லம் தேடிக் கல்வித் தன்னார்வலர்