தாத்தா லாரியைப் பளபளக்க விடாதே

பாப்பாவுக்கு,

நீ வாட்சப்பில் அனுப்பிய படங்களைப் பார்த்தேன். ஸ்டுட்கார்ட்டில் பழைய சாமான் சந்தையில் மூக்கு நீண்ட பென்ஸ் லாரி பொம்மை ஒன்று கிடைத்ததும், அதைத் தாத்தா வண்டியாக மாற்றப் போகிறேன் என்று நீ எழுதியதும் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் அதற்குக் கீழே போட்டிருந்தாயே ஒரு திட்டம், கரும்பச்சை மெட்டாலிக், மேலே கிளியர் கோட், பம்பருக்கு குரோம், சீட்டில் தாத்தா மாதிரி ஒரு பொம்மை என்று, அதைப் படித்ததும் இது போனில் சொல்லி முடிகிற சமாச்சாரம் இல்லை என்று எழுத உட்கார்ந்துவிட்டேன். அது கல்யாண ஊர்வலத்துக்குப் போகிற கார் இல்லை பாப்பா. மர லோடு ஏற்றிக்கொண்டு ஆரியங்காவு கணவாய் ஏறி இறங்கின வண்டி. அதைச் செய்வதாக இருந்தால் அந்த வண்டியாகவே செய், இல்லையென்றால் அழகான பென்ஸ் பொம்மையாகவே அலமாரியில் வைத்துக்கொள், அதுவும் குற்றமில்லை.

முதலில் வாங்கிய சாமானைச் சோதித்துப் பார். அந்தக் காலத்து வார்ப்பு வண்டிகள் இரும்பு இல்லை, துத்தநாகக் கலவை. வார்க்கும்போது அதில் கொஞ்சம் ஈயம் கலந்து போயிருந்தால் பல வருஷம் கழித்து உள்ளுக்குள்ளேயே அரித்து, பெயிண்டுக்கு அடியில் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பும், தலைமுடி மாதிரி மெல்லிய விரிசல் ஓடும், கடைசியில் கையில் உதிர்ந்துவிடும். அதற்கு மருந்தே கிடையாது. பெயிண்டை எடுத்ததும் நகத்தால் தடவிப் பார்த்து, விரிசல் இருந்தால் அதன் மேல் உழைக்காதே. பெயிண்ட் எடுப்பதற்குக் காஸ்டிக் சோடா போட்டுக் கொதிக்க விடாதே, துத்தநாகத்தைத் தின்றுவிடும். பெயிண்ட் ரிமூவர் போதும், ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு செய். அடித்தட்டைக் கழற்ற ரிவிட்டின் தலையை மட்டும் டிரில் பண்ணி எடு. முழுக்கத் துளைத்துவிட்டால் திரும்ப மாட்டும்போது ஸ்க்ரூ பிடிக்க இடம் இருக்காது.

பெட்டியில் 1:43, அதாவது நிஜ வண்டியில் நாற்பத்து மூன்றில் ஒரு பங்கு, என்று போட்டிருப்பதாகச் சொன்னாய். அது பொம்மை ரயிலிலிருந்து வந்த அளவு, ஒரு அடிக்கு ஏழு மில்லிமீட்டர். இதை மட்டும் மனசில் வைத்துக்கொண்டால் கால்குலேட்டரே வேண்டாம். தாத்தா வண்டியின் பாடி பதினாறு அடி நீளம், ஏழு அடி அகலம், அப்படியென்றால் உனக்கு 112 மில்லிமீட்டர், 49 மில்லிமீட்டர். ஒன்றரை அங்குலப் பலகை ஒரு மில்லிமீட்டர்கூட வராது. அதனால் ஐஸ்கிரீம் குச்சியை வைத்துப் பாடி கட்டலாம் என்ற யோசனையை இப்போதே விட்டுவிடு, அது மூன்று அங்குலப் பலகைக்கு மேல் கனம் காட்டும். பர்னிச்சர் வேலைக்கு வைத்திருக்கிற வெனீர் என்ற மெல்லிய மரத் தகடு கேட்டு வாங்கு. அதிலும் தேக்கு வேண்டாம். தேக்கின் ரேகை அவ்வளவு சின்ன வண்டியில் பெரிது பெரிதாகத் தெரியும், பார்த்த உடனே பொம்மை என்று காட்டிக்கொடுத்துவிடும். ரேகையே தெரியாத நெருக்கமான மரமாக எடு. நம்மூரில் என்றால் மஞ்சக்கடம்பு என்பேன், அங்கே என்ன கிடைக்கும் என்று நீதான் விசாரிக்க வேண்டும்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். நீ வாங்கியிருப்பது ஜெர்மனியில் ஓடின வண்டி. தாத்தா ஓட்டினது டாட்டா மெர்சிடிஸ். 1954-ல் டாட்டாக்காரர்கள் டைம்லர் பென்ஸோடு ஒப்பந்தம் போட்டு ஜாம்ஷெட்பூரில் செய்ய ஆரம்பித்தார்கள், 1969 வரைக்கும் அந்தக் கூட்டு இருந்தது. அதுவரை வந்த வண்டிகளில்தான் முன்னால் நட்சத்திரம், பிறகு அந்த இடத்தில் டாட்டாவின் எழுத்து வந்துவிட்டது. தாத்தா வண்டி நட்சத்திர வண்டி, அதை நீ சரியாகவே பிடித்திருக்கிறாய். ஆனால் மூக்கு வரைக்கும்தான் பென்ஸ். கம்பெனியிலிருந்து லாரி முழுசாக வராது. ஷாசி, எஞ்சின், பானெட், டாஷ்போர்டு வரைக்கும் ஒரு முகப்பு, அவ்வளவுதான். டிரைவர் ஒரு மரப்பெட்டி மேல் உட்கார்ந்து காற்றில் ஓட்டிக்கொண்டு போவார், அதற்குப் பின்னால் கேபினும் பாடியும் நம்ம ஆசாரிமார் கட்டினது. அதனால் உன் பொம்மையில் இருக்கிற அந்த அழகான ஜெர்மன் கேபினை முன்கண்ணாடிச் சட்டத்தோடு சேர்த்து அறுத்து எடுத்துவிட வேண்டும். மனசு வராது, தெரியும். எடுத்துத்தான் ஆக வேண்டும். மெல்லிய பல் இருக்கிற வாளால் மெதுவாக அறு, துத்தநாகம் சூடானால் வாளில் ஒட்டிக்கொள்ளும், நடுவே நடுவே மெழுகு தடவிக்கொள்.

அப்புறம் கேபினை வெனீரிலேயே கட்டு. தட்டையான முகம், இரண்டு துண்டுக் கண்ணாடி, மேலே லேசாக வளைந்த கூரை, கூரைக்கு மேல் படுதாவும் கயிறும் போடுகிற கேரியர். கதவுக்குக் கண்ணாடி கிடையாது, மழை வந்தால் இறக்குகிற கித்தான் திரைதான். முன்கண்ணாடிக்குச் சட்டைப் பெட்டியில் வருகிற பிளாஸ்டிக் தாள் போதும், ஆனால் அதை ஒட்ட ஃபெவிக்விக் மாதிரி பசையைத் தொடாதே, அதன் ஆவி பட்டுக் கண்ணாடி வெள்ளையாகப் பூத்துவிடும். மரத்துக்கு ஒட்டுகிற வெள்ளைப் பசை போதும், காய்ந்தால் தெரியாது.

ஸ்டியரிங்கை மறந்துவிடாதே! உன் வண்டியில் இடது பக்கம் இருக்கிறது. இதை எத்தனையோ பேர் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள், பெயிண்டெல்லாம் பிரமாதமாக அடித்துவிட்டு ஸ்டியரிங்கை இடது பக்கமே வைத்துக் கேரளா லாரி என்று படம் போடுகிறார்கள். வலது கதவுப் பக்கம் ஒரு ரப்பர் பந்து ஹாரன் இருக்க வேண்டும், மெல்லிய செம்புக் கம்பியை வளைத்து நுனியில் ஒரு சொட்டுப் பசை விட்டுக் கறுப்படித்தால் ஆச்சு.

லோடு என்ன வைக்கிறாய் என்று நீ சொல்லவில்லை. மேற்கே போகும்போது அரிசியும் வைக்கோலும் காய்கறியும், திரும்பும்போது மரம், அதுதான் அன்றைக்கு ஓட்டம்.  வைக்கோல் வைத்தால் பார்க்க அழகு, ஆனால் 1:43-ல் வைக்கோலைக் காட்டுவது கஷ்டம், எந்த நாரை நறுக்கிப் போட்டாலும் மூங்கில் மாதிரி தடித்துத் தெரியும். மரம் வை. இருபதடித் தடி என்றால் 140 மில்லிமீட்டர் குச்சி, இரண்டடி விட்டம் என்றால் 14 மில்லிமீட்டர். பட்டையில் வெடிப்பு மிக மெல்லியதாக இருக்கிற குச்சியாகத் தேடு. பதினாறடி பாடியில் இருபதடித் தடி என்றால் பின்னால் நாலடி நீட்டிக்கொண்டு நிற்கும், அந்த நுனியில் ஒரு சிவப்புத் துணி கட்டியிருப்பார்கள்.

லோடு ஏற்றிவிட்டால் வண்டி உட்கார வேண்டும். இதைத்தான் நான் உனக்கு வலியுறுத்திச் சொல்ல நினைத்தேன், பெயிண்டைவிட இதுதான் பெரிது. பொம்மை கம்பெனியிலிருந்து வரும்போது காலி வண்டி நிற்கிற மாதிரி நிமிர்ந்து நிற்கும். அதன் மேல் எத்தனை தடி அடுக்கினாலும் அது காகிதத் தடி மாதிரிதான் தெரியும், ஏனென்றால் கீழே ஸ்பிரிங் பட்டை இறங்கவில்லை. நிஜ வண்டியில் லோடு ஏறினால் பின் ஸ்பிரிங் பட்டை மூன்று அங்குலமாவது தட்டையாகும். உனக்கு அது ஒன்றே முக்கால் மில்லிமீட்டர்தான். பின் ஆக்சில் உட்காருகிற பள்ளத்தை அந்த அளவுக்கு அரத்தால் ஆழப்படுத்திவிடு, வண்டி தானாக இறங்கும். டிரைவர் பக்கம் இம்மி கூடுதலாக இறங்கினாலும் தப்பில்லை. முன்பக்கம் கொஞ்சம் தூக்கினாற்போல் இருக்கும், கோட்டைவாசல் வளைவில் ஏறுகிற லாரி அப்படித்தான் நிற்கும்.

பெயிண்டுக்கு வருவோம், பட்டறையில் இருந்தவன் சும்மா விடுவேனா. தாத்தா காலத்தில் எனாமல் பெயிண்டைப் பிரஷ்ஷால் அடித்தார்கள், கிளியர் கோட் என்ற பேச்சே கிடையாது. புதிதில் ஒரு மினுமினுப்பு இருக்கும், ஒரு மழைக்காலம் தாண்டினால் மங்கிவிடும். ஆனால் நீ பிரஷ் எடுக்காதே. பிரஷ்ஷில் ஒரு கோட் அடித்து அது ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு கனம் இருந்தாலும், நிஜ வண்டியில் அது நாலு மில்லிமீட்டருக்கு மேல், வாசலுக்குச் சாணி மெழுகினதுபோல. ஏர் பிரஷ் வாடகைக்குக் கிடைத்தால் எடு, பெயிண்டைப் பால் பதத்துக்குத் தின்னர் விட்டுக் கரைத்து, மெல்லியதாக, ஒவ்வொரு கோட்டும் நன்றாகக் காய விட்டு அடி. பிரைமருக்கு மேல் ஆயிரம் நம்பர் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து ஒரு தேய்ப்பு. மெட்டாலிக் கூடவே கூடாது, அந்தப் பொடியின் ஒவ்வொரு துகளும் அந்த அளவில் நாணயம் மாதிரி தெரியும், தவிர அந்தக் காலத்து லாரியில் மெட்டாலிக் யார் அடித்தார்கள்? பானெட்டுக்கு இளநீலம், மரப் பாடிக்குச் சாம்பல், சைடு டோரில் காவி பார்டர். அம்மாவிடம் கேட்டால் பச்சை என்பாள், அவள் பார்த்தது பிறகு வந்த வண்டி.

இந்தப் பக்கம் புனலூர், கொட்டாரக்கரை பையன்கள் ஃபோரெக்ஸ் என்கிற பிளாஸ்டிக் ஷீட்டை வெட்டி வெட்டி பஸ்ஸும் லாரியும் செய்கிறார்கள் பார், உள்ளே சீட்டு, லைட்டு, ஓடுகிற வைப்பர் வரைக்கும். கை வேலை பிரமாதம், நம்மூர்ப் பையன்களுக்கு அந்தப் பொறுமை இல்லை. ஆனால் எல்லாமே நேற்று ஷோரூமிலிருந்து இறங்கினது மாதிரி மின்னும். அவர்களிடம் எனக்கு அந்த ஒரு சண்டைதான். ஒரு விஷயம் தெரியுமா, ஜப்பானில் மாடல் வண்டிகள் செய்கிற டாமியா கம்பெனி 1946-ல் மர அறுவை மில்லாகத்தான் ஆரம்பித்தது, மரம் கையில் இருந்ததால் மரத்தில் கப்பலும் விமானமும் செய்யப் போய், பிறகு மரம் விற்பதையே விட்டுவிட்டார்கள். செங்கோட்டையில் எத்தனை மில் இருக்கிறது, ஒருத்தருக்கும் அந்தப் புத்தி வரவில்லை.

அழுக்குக்கும் கணக்கு உண்டு. கிழக்கே நம் பக்கம் வெளுத்த புழுதி, மேற்கே தென்மலை தாண்டினால் மழையும் செம்மண்ணும். அதனால் கூரையிலும் பானெட் மேலேயும் வெளிர்ப் புழுதி, சக்கரத்துக்குப் பின்னாலும் பாடியின் அடியிலும் சிவப்புச் சேறு. துரு எல்லா இடத்திலும் போடாதே. தண்ணீர் தேங்குகிற இடத்தில்தான் துரு, ஃபுட்போர்டு மூலை, மட்கார்டு விளிம்பு. மண்ணை அப்படியே போட்டால் ஒவ்வொரு மணலும் கூழாங்கல், வேட்டித் துணியில் சலித்து மேட் வார்னிஷில் குழைத்துத் தொடு.

எழுத்து: முன்கண்ணாடிக்கு மேல் பப்ளிக் கேரியர் என்று ஆங்கிலப் பலகை. அதற்கு மேல் தமிழில் ஆரியங்காவு ஐயன் துணை. நம்பர் பிளேட்டில் மஞ்சள் போட்டுவிடாதே, வாடகை வண்டிக்கு மஞ்சள் வந்ததெல்லாம் பிற்பாடு, அப்போது வெள்ளையில் கறுப்பு எழுத்து. வண்டியைக் கொல்லத்தில் ஒருவரிடம் பழசாக வாங்கினதால் கே.எல்.க்யூ. பதிவு, நம்பரைத் தனியாக அனுப்புகிறேன். உன் பிரிண்டர் வெள்ளை மை போடாது, அதனால் பிளேட்டை வெள்ளை டெக்கல் தாளில், அதாவது தண்ணீரில் நனைத்து ஒட்டுகிற தாளில், அடித்துக்கொள், ஐயன் துணையை மட்டும் மெல்லிய பிரஷ்ஷால் கையில் எழுது. கோணலாக வந்தால் வரட்டும்.

தாத்தா பொம்மை வேண்டாம். அந்த அளவில் முகம் யாருடையதாகவும் வராது, மீசை வைத்த யாரோ ஒருவர் உட்கார்ந்திருப்பார், உங்க ஆச்சி பார்த்தால் இது யாரு என்றுதான் கேட்பாள். சீட்டின் மேல் ஒரு சிவப்புத் துண்டு மடித்துப் போடு, போதும்.

நீ அடுத்து அம்பாசடர் செய்ய வேண்டும் என்று எழுதியிருந்தாய் அல்லவா, அங்கே நீ ஆசைப்படுகிற பளபளப்பையெல்லாம் காட்டு. டாக்ஸி ஸ்டாண்டில் நிற்கிற வண்டியைத் தினமும் துடைப்பார்கள், மின்னுவதுதான் அதற்கு நிஜம். அதற்கு அறுக்கிற வேலையும் குறைவு. அம்பாசடர் என்பது இங்கிலாந்து மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசைதான், ஸ்டியரிங்கும் வலது பக்கமே இருக்கும், கிரில்லையும் விளக்கையும் எந்த வருஷத்து வண்டியோ அதற்கு ஏற்றபடி மாற்றினால் போதும். 2014 வரைக்கும் செய்தார்கள், அதனால் எந்த வருஷம் என்று முதலில் முடிவு பண்ணிக்கொள்.

அது பிறகு. இப்போது ரிவிட்டில் டிரில் வைப்பதற்கு முன்னால் வண்டியைத் தலைகீழாகத் திருப்பி ஒரு படம் எடுத்து அனுப்பு. பின்னால் சக்கரம் இரட்டையா ஒற்றையா என்று உன் படங்களில் தெரியவில்லை. ஒற்றையாக இருந்தால் அது தாத்தா வண்டி ஆகாது, அதை அறுக்காதே, திரும்ப அந்தச் சந்தைக்கே போய் வேறு வண்டி இருக்கிறதா என்று பார்.

அப்பா