தேதி போடுங்கள்: குருதிக்கொடைக் குழு அட்மின்களுக்கு ஒரு திறந்த மடல்

ஊர் ஊராகக் குருதிக்கொடைக் குழு நடத்தும் அண்ணன், தம்பி, அக்கா, தங்கைகளுக்கு,

வணக்கம். நீங்கள் பார்ப்பது சம்பளம் இல்லாத வேலை, நடுராத்திரியிலும் போனை எடுத்தாக வேண்டிய வேலை. அது தெரிந்துதான் எழுதுகிறேன். கோபமில்லை, ஆதங்கம்.

போன வருடம் ஒருநாள் காலையில் "மிக அவசரம், ஓ நெகட்டிவ், 3 யூனிட், உடனே பகிரவும்" என்று ஒரே செய்தி ஐந்து வாட்ஸ்அப் குழுக்களில் வந்தது. நான் ஓ நெகட்டிவ். சட்டையை மாட்டிக்கொண்டே அந்த எண்ணுக்குக் கூப்பிட்டேன். ஒரு பெரியவர் எடுத்தார். ரத்தம் என்று நான் ஆரம்பித்ததுமே, "அவ போயி நாலு மாசம் ஆச்சுப்பா, இன்னும் கூப்பிட்டுக்கிட்டே இருக்காங்க" என்றார். எனக்குப் பேச்சே வரவில்லை. அந்தச் செய்தியில் தேதி இல்லை, மருத்துவமனை பெயர் இல்லை, ஒரு குழுவின் லோகோ மட்டும் பளிச்சென்று இருந்தது.

தேதி, எந்த மருத்துவமனை, எத்தனை யூனிட், எத்தனை மணி வரை தேவை, இவ்வளவையும் போடாமல் எதையும் அனுப்பாதீர்கள். அதைவிட முக்கியம், படமாகவோ எழுத்தாகவோ அனுப்பாமல் உங்கள் ஃபேஸ்புக் பதிவின் லிங்கை அனுப்புங்கள். வாட்ஸ்அப்பில் ஒருமுறை கைமாறிப் போன செய்தியை யாராலும் திரும்பப் பிடிக்க முடியாது, ஆனால் லிங்க் என்றால் ரத்தம் கிடைத்ததும் பதிவின் முதல் வரியில் "கிடைத்துவிட்டது, நன்றி" என்று மாற்றிவிடலாம், நாலு மாதம் கழித்துத் திறக்கிறவருக்கும் அதுதான் தெரியும். அந்தப் பெரியவருக்கு போனும் போயிருக்காது.

அப்புறம், நோயாளி வீட்டு எண்ணைப் பொதுவில் போடாதீர்கள். காசுக்கு ரத்தம் கொடுப்பது 1998 ஜனவரியிலிருந்து தடை என்றாலும், அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு "டோனர் இருக்கார், இவ்வளவு ஆகும்" என்று பேரம் பேச ஆள் இருக்கிறது. உங்கள் குழுவின் எண்ணைப் போடுங்கள், நீங்கள் விசாரித்து இணைத்துவிடுங்கள்.

முகாம் படங்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பிரமுகர் ஒருவர் படுத்திருப்பவரின் தோளைத் தொட்டுக்கொண்டு கேமராவைப் பார்க்கும் படத்தை எத்தனை தடவைதான் பார்ப்பது? முதல்முறை வர நினைக்கும் கல்லூரிப் பையனுக்கு இருக்கிற சந்தேகமே வேறு. ஊசி எவ்வளவு வலிக்கும், எவ்வளவு நேரம் ஆகும், 45 கிலோ எடை போதுமா, ஆண் என்றால் 3 மாதம், பெண் என்றால் 4 மாதம் இடைவெளி ஏன். இதற்கெல்லாம் உங்களில் ஒருவரே ஒரு நிமிட ரீல்ஸில் பதில் சொன்னால் அது பிரமுகர் படத்தைவிட ஆள் சேர்க்கும்.

இப்போது மே மாதம். கல்லூரிகள் லீவு, முகாம்கள் குறைவு, ரத்த வங்கிகள் தடுமாறும் நேரம். நீங்களோ எல்லா பலத்தையும் ஜூன் 14, உலகக் குருதிக்கொடையாளர் தினத்துக்குச் சேர்த்து வைத்திருக்கிறீர்கள். சிவப்பணுக்கள் ஐந்தாறு வாரம் தாங்கும், தட்டணுக்கள் (பிளேட்லெட்) 5 நாள்தான். ஒரே நாளில் முந்நூறு பை எடுத்து போஸ்டர் போடுவதைவிட, கொடையாளர்களைப் பட்டியல் போட்டுப் பிரித்து வாரம் இருபது பேரைக் கூப்பிடுங்கள். மழைக்காலத்து டெங்கு சமயத்தில் தட்டணு கேட்டு அலையும்போது இந்தப் பட்டியல்தான் கைகொடுக்கும். யாரிடம் எந்த வகை இருக்கிறது, கடைசியாக எப்போது கொடுத்தார் என்று ஒரு கூகுள் ஷீட் போதும், அதைக் குழுவுக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த ஷீட்டில் என் வரியை நானே சொல்லிவிடுகிறேன்: ஓ நெகட்டிவ், கடைசியாகக் கொடுத்தது ஏப்ரல் 12. ஜூலை 11-க்குப் பிறகு எந்த நேரத்திலும் கூப்பிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் குழுவில் சத்தம் போடாமல் இருக்கும் ஒரு டோனர்